முதல் வித்தைக்குப் பத்துச் சீட்டு போதும்

மனத்தைப் படிப்பதுபோல் காட்டும் மெண்டலிசத்தில் இறங்க விரும்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் ஆகிய ஐந்து குறிகள் அச்சிட்ட சீட்டுக்கட்டை வாங்கிவிட்டோம், எந்த வித்தையில் தொடங்குவது என்பதே அது. கைக்கு வேலையே இல்லாத, ஆனால் தற்செயலாக நடந்திருக்க முடியாது என்று பார்ப்பவருக்கு உடனே உறைக்கிற வித்தையில் தொடங்குங்கள் என்பது என் பதில். இந்த இரண்டு தகுதிகளும் ஒருங்கே அமைந்த வித்தைகள் அதிகமில்லை. அப்படி அமைந்த ஒன்றை, தமிழ் பேசும் வீட்டுக் கூடத்தில் நான்கைந்து பேருக்கு நடுவே செய்துகாட்டத் தக்க வடிவில், இங்கே முழுமையாக விளக்க விரும்புகிறேன்.

இந்தச் சீட்டுகள் மேடைக்காகப் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில், ஐம்புலன்களுக்கு அப்பால் மனிதர்களால் எதையேனும் அறிய முடியுமா என்று 1930-களின் தொடக்கத்தில் ஜோசப் பேங்க்ஸ் ரைன் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்காக, அங்கேயே உளவியல் துறையில் இருந்த கார்ல் ஸெனர் வடிவமைத்துத் தந்த கட்டு இது: ஒவ்வொரு குறிக்கும் ஐந்து என மொத்தம் 25 சீட்டுகள். அவர் பெயராலேயே இவற்றை ஸெனர் சீட்டுகள் என்கிறோம். ரைன் தம் முடிவுகளை 1934-ல் நூலாக வெளியிட்டபோது உலகமே பேசியது. பின்னர் கட்டுப்பாடுகளை இறுக்கிச் செய்த பிறரின் சோதனைகளில் அந்த முடிவுகள் நிலைக்கவில்லை. ஆய்வகத்தில் தோற்றாலும் சீட்டுகள் வித்தைக்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டன; இன்றும் மெண்டலிசம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஐந்து குறிகள்தான்.

அவை நிலைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஐந்தும் ஒன்றோடொன்று குழம்பாதவை. காற்றில் விரலால் வரைந்து காட்டக்கூடியவை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவை. நம் வீடுகளில் இன்னொரு வசதியும் சேர்ந்துகொள்கிறது. சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். ஸ்பேடு, ஆட்டின் என்று பிரித்தறியத் தெரியாத பாட்டியிடம் ஜாக்கி, ராணி என்று விளக்கிக்கொண்டிருந்தால் வித்தையின் உயிர் அங்கேயே போய்விடும். வட்டத்தையும் நட்சத்திரத்தையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே எளிமையில் ஒரு பெரிய பலவீனமும் ஒளிந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இருப்பது ஐந்தே குறிகள் என்பதால், ஒருவர் நினைத்த குறியை நாம் சும்மா ஊகித்தாலும் ஐந்தில் ஒரு முறை சரியாக வந்துவிடும். இது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். 52 சீட்டுகளில் ஒன்றைக் கண்டுபிடித்தால் வாயைப் பிளப்பவர், ஐந்தில் ஒன்றைக் கண்டுபிடித்தால் "சரி, குருட்டாம்போக்கில் அடித்துவிட்டார்" என்றுதான் எண்ணுவார். எண்ணுவதில் தவறும் இல்லை. டியூக் ஆய்வகத்தில் 25 சீட்டுகளையும் வரிசையாக ஊகிக்கச் சொன்னது இதனால்தான். வெறும் ஊகத்தில் சராசரியாக 5 சரியாக வரும். 10 அல்லது அதற்கு மேல் வருவது ஏறத்தாழ அறுபது முறையில் ஒரு முறைதான். ஆனால் காபி ஆறுவதற்குள் முடிய வேண்டிய வித்தையில் 25 ஊகங்களை எண்ணிக்கொண்டிருக்க எவருக்கும் பொறுமை இருக்காது.

ஆகவே வாய்ப்புகள் ஒன்றோடொன்று பெருகுகிற வித்தையைத் தேட வேண்டும். ஐந்து குறிகளை இன்னோர் ஐந்து குறிகளோடு ஜோடி சேர்ப்பது அத்தகையது. ஐந்து சீட்டுகளை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் ஒன்றில் மட்டுமே ஐந்து ஜோடிகளும் பொருந்தும். 44 வரிசைகளில் ஒன்றுகூடப் பொருந்தாது. கணக்கைச் சொல்லாவிட்டாலும், ஐந்து ஜோடிகளும் அடுத்தடுத்துப் பொருந்தி விழும்போது அது நடக்கக்கூடாத செயல் என்பதைப் பார்ப்பவர் தாமாகவே உணர்கிறார்.

எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனை விளம்பரங்கள் எல்லாமே "தொடக்கநிலையினருக்கு உகந்தது" என்றுதான் சொல்கின்றன. முதுகில் ரகசிய அடையாளம் இட்ட சீட்டுகள் எளிது என்று தோன்றும். ஆனால் பழகாத கண் அடையாளத்தைத் தேடி ஒரு நொடி அதிகமாக நின்றுவிடும், எதிரே இருப்பவர் அந்த நொடியைப் பிடித்துவிடுவார். பார்ப்பவர் சொன்ன குறியைக் கேட்ட பிறகு ரகசியமாக எழுதிக்கொள்ளக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டும் பென்சில் முனை அற்புதமான கருவிதான், ஆயினும் பேசிக்கொண்டே கையைப் பாராமல் எழுதப் பல மாதப் பயிற்சி தேவை. மின்னணுக் கருவிகளில் சார்ஜ் இருக்கிறதா என்ற கவலை வித்தை முடியும்வரை நெஞ்சைவிட்டு அகலாது. ஐந்து குறிகளுக்கும் ஐந்து முடிவுகளைத் தனித்தனியே ஒளித்துவைத்து, கேட்ட குறிக்கு ஏற்ற முடிவை மட்டும் எடுத்துக் காட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. என்றாலும் மற்ற நான்கையும் யாரும் புரட்டிப் பார்க்காதபடி காத்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நிற்கும் இடத்தில் அது நடக்கிற காரியமில்லை.

சொற்களால் மட்டுமே ஒரு குறியை நினைக்க வைத்துவிடலாம் என்ற ஆசையைத் தனியே குறிப்பிட வேண்டும், ஏனெனில் இணையக் காணொளிகளைப் பார்த்துவரும் இளைஞர்களுக்கு முதலில் வருவது அதுதான். அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கவே செய்கிறது. 1937-லும் 1938-லும் அமெரிக்காவில் ஜெனித் வானொலி நிறுவனம் நேயர்களை வைத்து டெலிபதி சோதனைகளை, அதாவது ஒருவர் மனத்தில் நினைத்ததைத் தொலைவிலிருப்பவர் அறிய முடியுமா என்ற சோதனைகளை, ஒலிபரப்பியது. விடைகள் ஏராளமாகச் சரியாக இருந்தன என்ற பரபரப்பு எழுந்தபோது, லூயிஸ் குட்ஃபெல்லோ என்ற உளவியலாளர் அவற்றை ஆராய்ந்து, எதையும் தோன்றியபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் மக்கள் ஒரே விதமான வரிசைகளையே விரும்பித் தேர்கிறார்கள், ஒலிபரப்பான வரிசை அந்த விருப்பத்தோடு ஒத்துப்போனபோது விடைகள் சரியாயின என்று 1938-ல் விளக்கினார். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற சாய்வு அது. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரோ ஒருவர். அந்தச் சாய்வு அவரிடம் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அனுபவசாலி தவறினால் சமாளிக்க ஆயிரம் வழி வைத்திருப்பார். முதல் வித்தை தவறாத வித்தையாக இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் கருவிகளின் உள்ளமைப்பை நான் எழுதுவதில்லை. அதைக் கண்டுபிடித்தவரின் பிழைப்பு அதில் இருக்கிறது. இங்கே விளக்குவது கணித விளையாட்டாகவும் பலரால் விளக்கப்பட்டு, பொதுவில் உள்ள நெறி.

குறி ஒவ்வொன்றிலும் இரண்டு வீதம் பத்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டம் ஒரே கோடு, கூட்டல் குறிக்கு இரண்டு கோடு, அலைக்கு மூன்று, சதுரத்துக்கு நான்கு பக்கம், நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. எனவே ஒன்று முதல் ஐந்து வரை என்ற வரிசை தானே மனத்தில் நிற்கும். மேலிருந்து கீழாக வட்டம், கூட்டல், அலை, சதுரம், நட்சத்திரம், மறுபடியும் அதே வரிசையில் ஐந்து என்று அடுக்கி, முகம் கீழாக மேசையில் வையுங்கள். இப்போது கட்டை வெட்டச் சொல்லலாம், அதாவது மேலிருந்து ஒரு பகுதியை அப்படியே எடுத்து அடியில் வைக்கச் சொல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். வெட்டுவதால் தொடங்கும் குறிதான் மாறும். சுற்று வரிசை கலையாது. மேல் ஐந்திலும் கீழ் ஐந்திலும் அதே ஐந்து குறிகள் அதே வரிசையில் இருந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்கோ கட்டு தம் கையாலேயே கலைந்துவிட்டது என்ற நிறைவு வந்துவிடும். பிறகு மேலிருந்து ஐந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மீதி ஐந்தை அப்படியே பக்கத்தில் வையுங்கள். வித்தை உண்மையில் இந்த இடத்தில் முடிந்துவிட்டது: ஒவ்வொன்றாக வைத்ததால் முதல் அடுக்கு தலைகீழாகிவிட்டது, இரண்டாவது அப்படியே இருக்கிறது.

இனி வருவதெல்லாம் எதிரே இருப்பவரின் வேலை. நான்கு சொற்கள் கொண்ட ஒரு தொடரை நீங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் அவர், இரண்டு அடுக்குகளில் தாம் விரும்பிய ஒன்றிலிருந்து மேல் சீட்டை எடுத்து அதே அடுக்கின் அடியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு சொல் முடிந்ததும் இரண்டு அடுக்கின் மேல் சீட்டுகளையும் ஒரு ஜோடியாக ஓரமாக வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கென்று வழக்கமான தொடர்கள் இருக்கின்றன. தமிழ்க் குடும்பத்துக்கு நடுவே ஆங்கில எழுத்துகளை உச்சரித்துக்கொண்டிருப்பது எனக்கு ஒட்டவே இல்லை. அதனால் நான் பயன்படுத்துவது இந்தத் தொடர்: இருவர் மனம் ஒரே நினைவு.

எண்ணிப் பாருங்கள். இ-ரு-வ-ர், நான்கு எழுத்து. ம-ன-ம், மூன்று. ஒ-ரே, இரண்டு. நி-னை-வு, மூன்று. அடுக்குக்கு ஐந்து சீட்டு இருக்கும்போது மொத்தம் நான்கு நகர்த்தல் நடந்தால், எந்த அடுக்கில் எத்தனை என்பது எப்படிப் பிரிந்தாலும், இரண்டு அடுக்கின் மேல் சீட்டும் ஒரே குறியாக இருக்கும். அந்த ஜோடியைப் பாராமலே ஓரமாக வைத்த பிறகு நான்கு நான்கு சீட்டு மீதம்; இப்போது மூன்று நகர்த்தல் போதும். அடுத்து மும்மூன்று சீட்டுக்கு இரண்டு, கடைசியாக இவ்விரண்டு சீட்டுக்கு ஒற்றைப்படையில் எத்தனை நகர்த்தினாலும் சரி. அதனால்தான் கடைசிச் சொல்லுக்கு மூன்று எழுத்து இருப்பது குற்றமில்லை.

நம்பிக்கை வர ஒரு முறை கையால் செய்து பார்ப்பதே வழி. வெட்டிய பின் மேலே அலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கு மேலிருந்து கீழாகக் கூட்டல், வட்டம், நட்சத்திரம், சதுரம், அலை என்றும், இரண்டாவது அலை, சதுரம், நட்சத்திரம், வட்டம், கூட்டல் என்றும் அமையும். "இருவர்" என்னும் சொல்லுக்கு அவர் முதல் அடுக்கில் மூன்றையும் இரண்டாவதில் ஒன்றையும் நகர்த்துகிறார். இரண்டின் மேலும் சதுரம். அதை எடுத்துவிட்டால் ஒருபுறம் அலை, கூட்டல், வட்டம், நட்சத்திரம். மறுபுறம் நட்சத்திரம், வட்டம், கூட்டல், அலை. "மனம்" என்னும்போது அவர் மூன்றையும் இரண்டாவது அடுக்கிலேயே நகர்த்திவிடுகிறார். மேலே இருபுறமும் அலை. ஒரு சொல்லின் எல்லா நகர்த்தலையும் ஒரே அடுக்கில் செய்தால் கெட்டுவிடுமே என்று முதலில் எல்லோருக்கும் பயம் வரும்; செய்து பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். பயம் போவது முக்கியம், ஏனெனில் அதன் பிறகுதான் "உங்கள் விருப்பம்" என்று நீங்கள் மனமாரச் சொல்ல முடியும்.

எழுத்துகளை நீங்களே உரக்கச் சொல்ல வேண்டும். பார்வையாளரிடம் விட்டுவிடக் கூடாது. புள்ளி எழுத்தைக் கணக்கில் சேர்ப்பதா என்று சிலர் தயங்குவார்கள். "ரே", "னை" போன்றவை எழுதும்போது இரண்டு வடிவங்களாகத் தெரிவதால் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை இரண்டாக எண்ணிவிடுவதும் உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்து, அவர் சீட்டை அடியில் வைத்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த எழுத்துக்குப் போங்கள். என் சித்தி முறை உறவினர் ஒருவரிடம் நான் பேசும் விதம் இப்படி இருக்கும்: "சித்தி, நான் ஒரு எழுத்து சொல்வேன். நீங்க ரெண்டு அடுக்குல எது வேணுமோ அதுல மேல இருக்கிற சீட்டை எடுத்து அதே அடுக்குக்கு அடியில வைங்க. மாத்தி மாத்தி எடுத்தாலும் சரி, ஒரே அடுக்குல எடுத்தாலும் சரி." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. விதிகளை நீட்டி விளக்கினால் கணக்கு வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். பார்வையாளர் பெயர் முருகன், கண்ணன் என்று நான்கெழுத்தில் அமைந்தால் முதல் சொல்லுக்குப் பதில் அவர் பெயரையே எழுத்தெழுத்தாகச் சொல்லலாம். குமார், மாலதி என்ற மூன்றெழுத்துப் பெயர்களை இரண்டாம் இடத்தில் வைக்கலாம். தம் பெயரே தம் கையை நடத்துகிறது என்ற எண்ணம் அவருக்கு மிகவும் இனிக்கும்.

திறந்து காட்டும் முறையில்தான் இந்த வித்தை பெரும்பாலும் வீணாக்கப்படுகிறது. ஒவ்வொரு ஜோடியையும் அப்போதைக்கப்போது திறந்தால் மூன்றாவதற்குள் வியப்பு தேய்ந்துவிடும். மேலும் நான்கு பொருந்திவிட்டால் ஐந்தாவது பொருந்தித்தானே ஆக வேண்டும். கூர்மையான பார்வையாளர் அதை உடனே சொல்லிவிடுவார். எனவே நான்கு ஜோடிகளையும் முகம் கீழாகவே வரிசையாக வைத்துவிடுங்கள். கடைசியில் எஞ்சிய இரண்டு சீட்டுகளை மட்டும் அவரையே திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குறி. ஐந்தில் ஒன்று என்ற வாய்ப்பு இது. பார்ப்பவர் புன்னகைப்பார், வித்தை முடிந்தது என்று நினைப்பார். அந்தப் புன்னகை மறைவதற்குள், "வழியில் எடுத்து வைத்தவற்றையும் பாருங்கள்" என்று முதல் ஜோடியைத் திருப்பத் தொடங்குங்கள். இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போக அவர் விரல் வேகம் கூடுவதை நீங்களே காண்பீர்கள். உங்கள் கை மேசையிலிருந்து விலகியே இருக்கட்டும். எல்லாச் சீட்டையும் அவரே தொட்டார், அவரே திருப்பினார் என்பதே மறுநாள் அவர் பிறரிடம் சொல்லப்போகும் கதை.

சீட்டுகளை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அச்சகங்களில் கிடைக்கும் தடித்த விசிட்டிங் கார்டு அட்டையில் கறுப்பு மார்க்கரால் வரைந்துகொள்ளலாம். ஒரே ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: முகம் கீழாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்திலும் மேசை விளக்குக்கு அடியிலும் சாய்த்துப் பாருங்கள். மை மறுபுறம் ஊறித் தெரிந்தாலோ, அழுத்தி வரைந்த தடம் முதுகில் புடைத்திருந்தாலோ அந்தச் சீட்டைக் கழித்துவிடுங்கள். ஸெனர் சீட்டுகள் முதலில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது எழுந்த கடுமையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று, சில வெளிச்சங்களில் குறி முதுகுப் புறமே தெரிகிறது என்பதுதான். முதுகில் குறி தெரிந்தால் இந்த வித்தையில் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. பார்வையாளருக்கு உங்கள் மேல் சந்தேகம் வருவது மட்டுமே மிச்சம்.

இதில் கை தேறியவர்கள் அடுத்து 25 சீட்டுகளின் முழுக்கட்டுக்குப் போகலாம். அமெரிக்கக் கணிதவியலாளரும் வித்தைக்காரருமான நார்மன் கில்பிரெத் 1958-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பும், பின்னர் அவரே அதை விரிவாக்கியதும் இதற்கு அடித்தளம். ஐந்து குறிகளும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருமாறு அடுக்கிய கட்டிலிருந்து ஏறத்தாழப் பாதியை ஒவ்வொன்றாக எண்ணிவைத்து, இரு பகுதிகளின் சீட்டுகளும் ஒன்றுக்கிடையே ஒன்றாக விழுமாறு ஒரு முறை ரிஃபிள் முறையில் கலந்தால், மேலிருந்து ஐந்தைந்தாக எடுக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து குறிகளும் தப்பாமல் இருக்கும். உண்மையாகவே கலைந்த கட்டில் இப்படியோர் ஒழுங்கு எஞ்சுவது எனக்கு இன்றும் பேரழகாகப் படுகிறது. ஆனாலும் நம் ஊரில் ஒரு சிக்கல். இங்கே பெரும்பாலோர் சீட்டைக் கையில் வைத்துக் கொத்துக் கொத்தாகக் குலுக்கித்தான் பழகியிருக்கிறார்கள். அப்படிக் குலுக்கினால் அடுக்கு கெட்டுவிடும். இரண்டு பகுதிகளையும் மேசையில் விரித்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையுமாறு தள்ளிச் சேர்க்கச் சொன்னால் காரியம் நடக்கும். அதை இயல்பாகச் சொல்லிச் செய்யவைக்கும் பேச்சுப் பழக்கம் பத்துச் சீட்டு வித்தையிலிருந்துதான் வரும்.

வித்தை நன்றாக அமைந்துவிட்டால் இரண்டு வேண்டுகோள்கள் வரும். ஒன்று, "இன்னொரு தடவை பண்ணுங்க". அன்றைக்கு அதே ஆட்களிடம் செய்ய வேண்டாம். இரண்டாம் முறை அவர்கள் சீட்டைப் பார்க்க மாட்டார்கள், எழுத்தை எண்ணுவார்கள். மற்றது இதைவிட நுட்பமானது. கிளி எடுத்துத் தரும் சீட்டில் பலன் கேட்டுப் பழகிய மண் இது. பொருத்தம் என்ற சொல்லுக்கே இங்கே கல்யாணக் கனம் உண்டு. ஐந்து ஜோடியும் பொருந்தியதைப் பார்த்த பெரியவர் ஒருவர், தம் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி இந்தச் சீட்டிலே பார்த்துச் சொல்ல முடியுமா என்று மெய்யாகவே கேட்கக்கூடும். அப்போது சிரித்து மழுப்பக் கூடாது. எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கில்லை. எது இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. "இது பழகிச் செய்கிற வித்தைங்க ஐயா, எனக்கு எதுவும் தெரியாது, சீட்டுக்கும் தெரியாது" என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பத்துச் சீட்டுகளையும் எடுத்து உறைக்குள் வைத்துவிடுங்கள்.